மருதமடுக் காட்டிலே

இலங்கைத் திருநாட்டிலே யாத்திரைத் தலங்களுக்குக் குறைவில்லை. தெற்கே கதிர்காமம், மத்தியிலே சிவனொளிபாதமலை, கிழக்கே திருக்கோணமலை, வடமேற்கே திருக்கேதீச்சரம் என்று திசைக்கொரு தலம் உண்டு. சைவக் குடும்பத்திற் பிறந்து, இந்துக் கல்லூரியொன்றிலே சரித்திரம் படிப்பித்து வரும் நாம் இத்தலங்கள் யாவற்றையும் தரிசித்திருக்கிறோம். ஆயினும் சென்ற ஆவணி மாதத்திலே நாம் சென்று வந்த இடம் இவற்றுள் ஒன்றன்று. அது மன்னார் மாவட்டத்தின் காட்டினுள்ளே அமைந்திருக்கும் கத்தோலிக்கத் திருப்பதியாகிய மருதமடு.

"சைவர்களாகிய உங்களுக்கு அங்கே என்ன அலுவல்?" என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அயலவர் சிலரும் கேட்டனர். எமது தாயாரின் விருப்பம் அது. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். எம்மிடம் எதையும் வேண்டுமென்று கேட்டறியாதவர். ஒருநாள் மாலை, சுவாமி அறையிலே விளக்கு வைத்த கையோடு எம்மைக் கூப்பிட்டு, "தம்பி, கண் மூட முன்னம் ஒருக்கால் மடுவுக்குப் போகவேணும்" என்றார். அவர் ஏன் கேட்டார் என்பது எமக்குத் தெரியும். அதனைப் பின்னர் சொல்வோம்.

காட்டு வழி

விடியற்காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து வான் ஒன்றிலே புறப்பட்டுக் கண்டி வீதியால் வவுனியாவை அடைந்தோம். அங்கிருந்து மன்னார் வீதியிலே திரும்பினால், சிறிது தூரத்தில் தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதப் பாதை எதிர்ப்படும். 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாதை 1990இல் போரினால் நின்றுபோய், 2013இல் மடு றோட் வரைக்கும், 2015இல் தலைமன்னார் வரைக்கும் மீண்டும் திறக்கப்பட்டது. மடு றோட் நிலையத்தின் அயலிலேயே மடுச் சந்தி. அங்கிருந்து வடக்கே சுமார் பன்னிரண்டு கிலோமீற்றர் சென்றால் திருப்பதியை அடையலாம்.

அந்தப் பாதையிலே வெயிலின் நிறமே மாறிவிடுகிறது. பாலையும் முதிரையும் இருமருங்கும் நெருங்கி வளர்ந்து நிழல் செய்கின்றன. யானை நடமாடும் காடு. மரக்கிளைகளில் மந்திகள் தாவுகின்றன. மருத மரங்கள் சூழ்ந்த நீர்மடு இருந்தமையால் மருதமடு எனப் பெயர் வந்தது என்பர். முற்காலத்திலே யாத்திரீகர் மாட்டு வண்டிகளிற் சட்டி பானை, அரிசி, பாய் முதலியன ஏற்றிக்கொண்டு பல நாட் பிரயாணஞ்செய்து வருவார்களாம். இன்று மோட்டார் வாகனங்கள் வரிசையாகச் செல்கின்றன. ஆயினும் நேர்த்தி வைத்தவர்கள் சந்தியிலிருந்து கால்நடையாகச் செல்வதை இப்பொழுதும் காணலாம். தலையிலே மூட்டையும் கையிலே செபமாலையுமாக நடந்து சென்றோருள் சிங்களம் பேசுவோரும் பலர் இருந்தனர். நீர்கொழும்பு, சிலாபம் முதலிய பகுதிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக வருபவர்கள் அவர்கள்.

காட்டுக்கு வந்த விக்கிரகம்

இந்தக் கோவில் ஏன் காட்டினுள்ளே அமைந்தது? அதற்கு விடை காணச் சரித்திரத்தைச் சற்றுத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். சரித்திரம் படிப்பிப்பவன் தனக்குப் பிரியமான பக்கங்களை மாத்திரம் வாசித்தல் ஆகாது. மன்னார்த் தீவிலே புதிதாகக் கிறிஸ்தவராகிய ஏறக்குறைய அறுநூறு பேர் 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து அரசனாகிய சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். பின்னர், 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர் காலத்திலே திருக்கேதீச்சரம் தரைமட்டமாயிற்று. அக்கோவிற் கற்கள் மன்னார்க் கோட்டைச் சுவருக்குப் போயின என்று நம்மவர் இன்றும் சொல்லி வருந்துவர். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர்களும் கிறிஸ்தவரே, ஆயினும் கத்தோலிக்கரைப் பகைத்தனர். குருமாருக்கு இடங்கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோவில்கள் பறிக்கப்பட்டன. நேற்று ஆண்டவர்களின் சமயத்தவர் இன்று ஒளிந்து வாழ்பவர்களாயினர்.

அக்காலத்திலேதான், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் கோவில் மாதா சொரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவந்தன என்று மரபு கூறுகிறது. யாழ்ப்பாணப் பகுதியிலிருந்து தப்பி வந்த வேறு சிலரும் பின்னர் அவர்களோடு சேர்ந்தனர். எலேனா என்னும் பெண்மணி ஒருத்தி அவர்களுக்கு முதற்கோவில் கட்டுவித்தாள் என்பர். வீடு, வயல், தோணி, தோட்டம் யாவற்றையும் விட்டு ஓடுகிறவன் எதைக் கையிலெடுப்பான்? அவர்கள் எடுத்துவந்தது அந்தச் சொரூபம்.

1658க்குப் பின் ஏறக்குறைய முப்பது வருட காலம் இந்நாட்டுக் கத்தோலிக்கருக்குக் குருவானவர் இல்லை. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. பிள்ளைக்குச் செபம் சொல்லிக்கொடுத்த தாய், தான் மீண்டும் ஒரு பூசை காண்பாளோ என்று அறியாமலே சொல்லிக்கொடுத்தாள். 1687இலே கோவையிலிருந்து யோசேப் வாஸ் முனிவர் கூலியாள் வேடத்தில் வந்திறங்கினார். "கோவை" என்றது தமிழ்நாட்டுக் கோயம்புத்தூரை அன்று. மேற்குக் கரையிலுள்ள கோவாவை நம் பழைய நூல்கள் அவ்வாறே வழங்கும். நோயோடும் பசியோடும் யாழ்ப்பாணம் சேர்ந்த அவர், கழுத்திலே செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். அதனைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று பார்த்தே தம்மவரைக் கண்டுபிடித்தார். பின்னர் கண்டிக்குச் சென்று, 1692இல் ஒற்றன் என்று சிறைப்பட்டார். 1697இல் அங்கே வைசூரி பரவியபோது, பிறர் விட்டோடிய நோயாளரைச் சாதி சமயம் பாராது தம் கையாலே பராமரித்தார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலே காலமானார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைக் கொழும்பிலே புனிதராகப் பிரகடனஞ் செய்து, அன்றே மடுவுக்கும் வந்து சென்றார்.

கத்தோலிக்கர்மீது இருந்த தடைகள் ஆங்கிலேயர் காலத்தில், 1806ஆம் ஆண்டிலேதான் நீங்கின. நூற்று நாற்பத்தெட்டு வருடம்! இதனை வகுப்பிலே படிப்பிக்கும்போதெல்லாம், நம் முன்னோர் சொல்லக் கேட்ட வேறொரு கதை எமக்கு நினைவு வரும். அந்நியர் ஆட்சியிலே விரதமிருந்த சைவர்கள் உண்ட வாழையிலையை வெளியே எறிய அஞ்சி, வீட்டு இறப்பிலே செருகி வைத்தார்களாம். இலையை இறப்பிலே ஒளித்தவனும், சொரூபத்தைக் காட்டிலே ஒளித்தவனும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் இருவருக்கும் இருந்த பயம் ஒன்று, விடாப்பிடியும் ஒன்று.

இப்பொழுதுள்ள பெரிய கோவிலுக்கு 1872ஆம் ஆண்டில் பொஞ்சீன் ஆண்டகை அடியிட்டார். அதே 1872இலேதான் ஆறுமுக நாவலர் இடிந்து கிடந்த திருக்கேதீச்சரத்தை மீளக் கட்டவேண்டுமென்று சைவ மக்களைத் தூண்டினார் என்பதும் நினைக்கத்தக்கது. மடு மாதாவுக்கு 1924ஆம் ஆண்டு யூலை 2ஆம் திகதி முடிசூட்டப்பட்டது. ஆடித் திருநாள் யூலை 2ஆம் திகதியும், ஆவணித் திருநாள் ஓகஸ்ட் 15ஆம் திகதியும் நடைபெறும். ஆவணித் திருநாளே பெரியது. இலட்சக்கணக்கானோர் மரங்களின் கீழே கூடாரமடித்துத் தங்கி, அங்கேயே சமைத்து உண்கின்றனர். கோவில் மண் பாம்புக்கடிக்கு மருந்து என்ற நம்பிக்கையால் அதனைப் பொட்டலமாக்கிக்கொண்டு செல்வோரும் உண்டு. நம்பிக்கையை நாம் பழிக்கமாட்டோம். ஆயினும் மாணவர்களுக்குச் சொல்கிறோம்: பாம்பு தீண்டினால் முதலில் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

மருத மரத்தின் கீழ்

எம்முடைய கதைக்கு வருவோம். 1990ஆம் ஆண்டு எமக்குப் பத்து வயது. வவுனியாவுக்கு மேற்கேயுள்ள ஒரு கமக்காரக் கிராமம் எமது ஊர். அவ்வாண்டு ஆனி மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது, இருந்தது இருந்தபடி விட்டு ஓடினோம். அரைவழியிலே எமது தமையனார் நின்றார். பத்தொன்பது வயது அவருக்கு. "மாடெல்லாம் கட்டின கட்டையிலை நிக்குது அம்மா. தண்ணியில்லாமல் சாகும். அவிட்டு விட்டிட்டு ஓடி வாறன்" என்று சொல்லிச் சைக்கிளைத் திருப்பினார். பின்னர் அவரை நாம் காணவில்லை.

மடுவிலே ஆயிரக்கணக்கானோர் ஏற்கெனவே வந்து நிறைந்திருந்தனர். எந்தச் சமயத்தவர் என்று எவரும் கேட்கவில்லை. ஒரு மருத மரத்தின் கீழே சேலையைக் கட்டி நிழல் செய்துகொண்டோம். அடுத்த மரத்தின் கீழே மன்னார்க் கரையோரத்துக் கடற்றொழிலாளர் குடும்பம் ஒன்று இருந்தது. கணவன், மனைவி, வயிற்றிலே ஒரு பிள்ளை. அந்த அம்மாளை நாம் மாமி என்று அழைத்தோம். நாம் மச்சம் உண்ணாதவர்கள் என்று அறிந்த மாமி, மீன் படாத புதுச் சட்டி ஒன்றை எங்கேயோ தேடிக் கொண்டுவந்து எமது தாயாரிடம் தந்தார். அகதி நிலையிலே ஒரு புதுச் சட்டி எவ்வளவு பெறுமதியானது என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

எமது தாயார் மாலைதோறும் பாதையோரம் சென்று நின்று தமையனாருக்காகக் காத்திருப்பார். மாமியும் நிறைவயிற்றோடு கூடச் சென்று நிற்பார். இருட்டிய பின் இருவரும் ஒன்றும் பேசாமல் திரும்பி வருவர். புரட்டாதி மாதத்தில் மாமிக்கு அந்த மரத்தின் கீழேயே ஆண்குழந்தை பிறந்தது. முதல் முப்பத்தொரு நாளும் அதனைக் குளிப்பாட்டியவர் எமது தாயார். அதன்பின் நாம் யாழ்ப்பாணம் சேர்ந்தோம். மாமி குடும்பம் அங்கேயே இருந்தது.

அந்தக் காட்டுக்கும் அமைதி நிலைக்கவில்லை. 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி, கோவில் வளவிலே தஞ்சமிருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்து, குழந்தைகள் உட்பட நாற்பது பேரளவில் மாண்டனர். 2008ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத் தொடக்கத்திலே போர் நெருங்கியபோது, குருமார் மாதா சொரூபத்தைக் கரையோரக் கிராமமாகிய தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். மாந்தையிலிருந்து ஒளித்துக் கொண்டுவரப்பட்ட சொரூபம், முந்நூற்று முப்பத்தெட்டு வருடங்களின் பின் மீண்டும் இடம்பெயர்ந்தது. அவ்வாண்டு ஆவணித் திருநாளுக்கு முன்னர் அது திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்தக் காட்டிலிருந்து போன மனிதர் பலர் திரும்பவில்லை.

இரண்டு தாய்மார்

மாமி எமக்காகச் சொன்ன இடத்திலேயே காத்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், தலை முழுவதும் நரைத்துவிட்டது. எமது தாயாரைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மாமி ஒரு பையைத் திறந்து புதுச் சட்டி ஒன்றை எடுத்து வைத்து, "மீன் படேல்லை அக்கா" என்றார். தாயார் அப்பொழுதுதான் அழுதார்.

மாமியின் வாழ்க்கையை அவர் வாயிலாகவே கேட்டறிந்தோம். கணவர் 1993இலே கடலுக்குச் சென்று திரும்பவில்லை. மூன்றாம் நாள் உடல் கரை சேர்ந்தது. கருவாடு போட்டு விற்று மகனை வளர்த்தார். 1999இலே எறிகணை விழுந்த இரவு தாயும் மகனும் கோவிலிலே இருந்து உயிர் தப்பினர். 2009ஆம் ஆண்டு மே மாதம், வட்டுவாகலைக் கடந்து வந்த சனத்திரளிலே மகனைத் தவறவிட்டார். பதினெட்டு வயது. எமது தாயார் குளிப்பாட்டிய அந்தப் பிள்ளை.

"பிள்ளை, நீ அவனுக்குப் பூசை ஒப்புக்குடுத்தனியோ?" என்று தாயார் மெதுவாகக் கேட்டார்.

"ஒவ்வொரு மாசமும் குடுக்கிறன் அக்கா. ஆனால் செத்தாக்களுக்கு எண்டு குடுக்கிறேல்லை. நவம்பர் ரண்டாந் திகதி ஆன்மாக்களின்ரை திருநாளுக்கு எல்லாரும் பேர் எழுதிக் குடுப்பினம். நான் அவரின்ரை பேரை எழுதுவன். மகன்ரை பேரை எழுதிறேல்லை."

இதனைக் கேட்டபோது எமக்கு உடல் சிலிர்த்தது. எமது வீட்டிலும் அதே நிலைதான். தமையனாருக்குத் திதி கொடுக்க எமக்குத் தெரிந்த நாள் இல்லை. பன்னிரண்டு வருடம் கடந்தால் தருப்பையிலே உருச்செய்து கிரியை முடிக்கலாம் என்று பெரியோர் சொன்னார்கள். அதனை எமது தாயாரிடம் எடுத்துச் சொன்னவர்களில் நாமும் ஒருவர். அவர் பதில் சொல்லவில்லை. அதன்பின் சில காலம் எம்மோடு அதிகம் பேசவுமில்லை. அறிவுடைய பேச்சு என்று எண்ணி நாம் சொன்னது, பெற்ற தாயைப் பார்த்து "உன் பிள்ளை இறந்துவிட்டான் என்று கையெழுத்திடு" என்று சொன்னதற்கு ஒப்பாகும் என்பதை அந்த மரநிழலிலேதான் உணர்ந்தோம்.

"உங்களுக்குக் கடவுளிலே கோபம் வரவில்லையா மாமி?" என்று கேட்டோம்.

"வந்தது தம்பி. ஏன் பொய் சொல்லுவான்? முகாமிலை இருக்கேக்கை ஆறேழு மாசம் செபமாலையைத் தொடேல்லை. பிறகு ஒருநாள் இரவு பக்கத்துக் கூடாரத்திலை ஒரு குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். தாய் சின்னப் பெட்டை. பயந்துபோய் ஓடிவந்து, 'அம்மா, ஒரு செபம் சொல்லுங்கோ' எண்டாள். எனக்கு மனமில்லை. அவளுக்காண்டிச் சொன்னன். விடிய அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுது. அடுத்த நாள் வேறை ஒருத்தி வந்தாள். அப்பிடித்தான் திரும்பத் தொடங்கினது. எனக்காண்டி இல்லை தம்பி, மற்றாக்களுக்காண்டி."

சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, செபமாலையை விரலாலே தடவியபடி சொன்னார்: "சந்தோஷ தேவ இரகசியத்திலை அஞ்சாவது, காணாமற்போன பிள்ளையைக் கோவிலிலை கண்டது. மாதாவும் பிள்ளையைத் துலைச்சவதானே அக்கா. மூண்டு நாள் தேடினவ. எனக்கு நாள் கொஞ்சம் கூடிப்போச்சு."

எமது தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இன்னும் கூட" என்றார். பின்பு இருவரும், நம்பமாட்டீர்கள், ஒருவரையொருவர் பார்த்து மெல்லச் சிரித்தனர்.

மாலையிலே இருவரும் கோவில் முன்றிலுக்குச் சென்றனர். நெற்றியிலே திருநீற்றோடு எமது தாயார் மெழுகுதிரி ஏற்றினார். பக்கத்திலே சிங்களத் தாயொருத்தி ஓர் இளைஞனின் படத்தைக் கையிலே வைத்துக்கொண்டு அழுது நின்றாள். படத்திலிருந்தவன் இராணுவ உடை அணிந்திருந்தான். மாமி தன் கையிலிருந்த மெழுகுதிரிகளிலொன்றை அவளுக்குக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். பாஷை தெரியாத இருவருக்கிடையிலும் வேறு பேச்சு நிகழவில்லை.

பாலாவிக் கரை

திரும்பும்போது மன்னார்ப் பக்கமாகச் சென்று, பூநகரி வழியாக ஊர் சேர எண்ணினோம். வழியிலே திருக்கேதீச்சரம். பாலாவித் தீர்த்தக் கரையிலே சிலர் பிதிர்க்கடன் செய்துகொண்டிருந்தனர். "அம்மா, ஆருக்கும் செய்யவேணுமோ?" என்று அங்கே நின்ற ஒருவர் கேட்டார். தாயார் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே சென்றார்.

சந்நிதியிலே அர்ச்சனைத் தட்டைக் கொடுத்து, தமையனாரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்விப்பது உயிரோடிருப்பவர்களுக்கு என்பதைச் சைவர்கள் அறிவர். முன்னொரு காலத்திலாயின் நாம் ஏதாவது சொல்லியிருப்போம். அன்று வாய்திறக்கவில்லை.

தாயார் இரண்டாவது பெயர் ஒன்றையும் சொன்னார். அது வேதக்காரப் பெயர். குருக்கள் சற்று நிமிர்ந்து பார்த்து, "நட்சத்திரம்?" என்று கேட்டார்.

"நட்சத்திரம் பாக்கேல்லை ஐயா. மடுவிலை மரத்துக்குக் கீழை பிறந்த பிள்ளை. அப்பிடியே சொல்லிச் செய்யுங்கோ."

குருக்கள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பெயரையும் சொல்லி அர்ச்சனை செய்து, திருநீறும் பூவும் தந்தார். தாயார் அதனை இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கைச் சேலைத் தலைப்பிலே முடிந்துகொண்டார். மற்றதை ஒரு கடதாசியிலே மடித்து எம்மிடம் தந்து, "வாற ஆவணிக்கு மாமியிட்டைக் குடுக்கவேணும், பத்திரமாய் வை" என்றார். அது இப்பொழுது எமது மேசை இலாச்சியிலே இருக்கிறது.